ஏரிக்கு ஓதம் வந்த அமாவாசை

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் மீன் பிடிக்கப் போனார். போனார் என்றா சொன்னேன்? படையெடுத்தார் என்று சொல்ல வேண்டும். முன்னால் முரசு, பின்னால் கொம்பு, நடுவில் யானை, யானையின் மேல் வெண்கொற்றக் குடை, குடைக்குக் கீழே கையில் தூண்டிலோடு கனகசேன மகாராசா. எந்த ஊர் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி அரசர்கள் இல்லாத ஊர் எது?

அரசர் கோட்டையை விட்டு வெளியே வந்தால் முரசு முழங்க வேண்டும் என்பது அந்த அரண்மனை வழக்கம். போருக்காக ஏற்பட்ட வழக்கம். எதிரியை நடுங்க வைப்பதற்கு அது சரிதான். தூண்டில் போடப் போகும்போதும் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரையில் முரசு அதிரும். விராலும் கெண்டையும் அடுத்த கரைக்கு ஓடும். அரசர் நீருக்குள் கட்டிய மண்டபத்தின் படியில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆளுயர வாளை மீன் ஒன்றைத் தம் கையால் பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அயிரை மீன்கூட அகப்படவில்லை.

அரசருக்கு மீன் பிடிக்க நாள் குறித்துக் கொடுப்பவர் விருபாட்சர் என்ற அரண்மனைச் சோதிடர். முதல் தடவை மீன் சிக்காதபோது, "நேற்றுப் பௌர்ணமி மகாராசா. நிலா வெளிச்சத்தில் இரவெல்லாம் மேய்ந்த மீன் பகலில் இரையைத் திரும்பிப் பார்க்காது" என்றார். இரண்டாம் தடவை, மேல்காற்று அடிக்கிறது என்றார். அடுத்த தடவை, மார்கழிக் குளிரில் மீன் சேற்றோடு படுத்துவிடும் என்றார். இதில் ஒன்றும் பொய் இல்லை. நிலவு, காற்று, பருவம் எல்லாம் பார்த்துத்தான் மீன் பிடிக்க வேண்டும். ஆனால் காதைப் பிளக்கிற முரசைப் பற்றி மனிதர் வாயே திறக்கவில்லை. அரண்மனை வழக்கத்தைக் குறை சொன்னால் தம் பதவிக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியும். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது.

சாக்குகள் தீர்ந்துபோன சமயத்தில் சோதிடர் ஒரு கல்யாணத்துக்காகக் கடற்கரைப் பக்கம் போனார். அங்கே பரதவர்கள் ஓதம் பார்த்து வள்ளம் இறக்குவதைக் கண்டார். கடல்நீர் ஒரு பொழுது ஏறும், ஒரு பொழுது இறங்கும். அதற்குத்தான் ஓதம் என்று பெயர். நிலவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று யாரோ சொல்ல, மனிதர் குதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

"மகாராசா! கண்டுகொண்டேன்! அமாவாசையன்று உச்சிப்பொழுதில் சூரியனும் சந்திரனும் தலைக்கு நேரே ஒன்றுகூடுகின்றன. அப்போது ஏரிநீர் ஒரு பனை உயரம் ஏறும். ஏறும் நீரோடு பெரிய வாளை தங்கள் காலடிக்கு வரும். ஆனால் அதுவரை தண்ணீர் அலுங்கக் கூடாது. எவன் வலையும் ஏரியில் படக் கூடாது. மதகையும் அடைத்துவிட வேண்டும்."

கடலில் கண்டதை ஏரிக்குக் கொண்டுவந்துவிட்டார்! எருமை மேய்க்கிறவன்கூட ஏரியில் ஓதம் வரும் என்று சொல்லமாட்டான். சபையில் இருந்தவர்களோ தலையைத் தலையை ஆட்டினார்கள்.

அன்றே முரசு அறைந்தார்கள். மகாராசா வாளை பிடிக்கும் வரை எவருடைய வலையும் ஏரியில் படக் கூடாது. வலைக்காரர்களின் வீடு வீடாகப் போய் வலைகளைப் பிடுங்கி வந்து, அரண்மனை ஆயுதசாலையில் குவியலாகக் கொட்டிப் பூட்டினார்கள். மதகுக்கு முத்திரை வைத்தார்கள். ஏரிக்குக் கீழே வயலில் பால் பிடித்துக்கொண்டிருந்த நெற்கதிர் காய ஆரம்பித்தது. வலைக்காரர் தெருவில் அடுப்பு எரியவில்லை.

அமாவாசை வந்தது. அரசர் மண்டபப் படியில் உட்கார்ந்தார். உச்சிப்பொழுது வந்தது, போனது. ஏரி போட்டது போட்டபடி கிடந்தது. கூட்டத்தில் ஒருவன் மட்டும் வாய்விட்டுச் சிரித்தான்.

அவன்தான் அரண்மனை விகடகவி. பெற்றோர் வைத்த பெயர் எவருக்கும் நினைவில்லை. மரவேலைக்காரர் உளியை அடிக்கிற கொட்டாப்புளி இருக்கிறதே, அதைப்போல அவன் பேச்சு நடுமண்டையில் இறங்கும் என்பதால் கொட்டாப்புளி என்றே கூப்பிட்டார்கள். சோதிடருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அவன் சிரிப்பை அவர் விடுவாரா?

"பார்த்தீர்களா மகாராசா! ஏற இருந்த நீர் இவன் சிரிப்பைக் கேட்டு நின்றுவிட்டது. சந்திர பகவான் கோபித்துக்கொண்டார். சிரித்தவனே அவரைச் சமாதானம் செய்து ஓதத்தை வரவழைக்கட்டும்."

வெயிலில் காய்ந்து எரிச்சலில் இருந்த அரசர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "கொட்டாப்புளி! அடுத்த அமாவாசையன்று இந்த ஏரியில் ஓதத்தை நான் கண்ணால் காண வேண்டும். கண்டால் வலைகளைத் திருப்பிக் கொடுப்பேன். காணாவிட்டால் வலைகள் அத்தனையையும் கொளுத்துவேன். நீயும் நாட்டில் இருக்கக் கூடாது!"

கொட்டாப்புளியின் முகத்தில் சிரிப்பு செத்துப்போயிற்று. தன்னைத் துரத்தினால் வேறொரு அரண்மனை கிடைக்கும். வலையைக் கொளுத்தினால் அந்தத் தெரு எங்கே போகும்?

கோட்டை வாசலில் அங்காயி அவனை மறித்தாள். வலைக்காரர் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை.

"ஏண்ணே, உங்க சிரிப்புக்கு எங்க வலையா கெடச்சுது? சிரிக்கிறவரு ஊட்டுக்குள்ள ஒக்காந்து சிரிச்சிருக்கக் கூடாது? எங்க புள்ளைங்க கீரையத் தின்னு கெடக்குதுங்க. மீனு கரையோரமா வந்து எங்க மூஞ்சியப் பாத்துட்டுப் போவுது!"

"திட்டு அங்காயி, நல்லாத் திட்டு. எனக்கு வேணும்தான்" என்றான் கொட்டாப்புளி. "ஆனா ஒண்ணு சொல்லு. தண்டோராவுல என்ன சொன்னாங்க? மீன் பிடிக்கக் கூடாதுன்னா, வலை படக் கூடாதுன்னா?"

"வலை படக் கூடாதுன்னாங்க. ஏன்?"

"ஊட்டுல ஊத்தாக் கூடை இருக்கா?"

அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடைதான் ஊத்தா. முழங்கால் தண்ணீரில் மீனின் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டு எடுப்பார்கள். அங்காயி அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு தெருவைப் பார்த்து நடந்தாள்.

கொட்டாப்புளி திரும்பவும் சபைக்குப் போனான். "மகாராசா, ஓதத்தை வரவழைக்கச் சித்தமாக இருக்கிறேன். ஆனால் அதுவரை ஏரியில் நான் எது செய்தாலும் எவரும் குறுக்கிடக் கூடாது. தங்கள் முத்திரை மோதிரம் அடியேன் விரலில் இருக்க வேண்டும்." முடியாத காரியத்துக்கு எது கேட்டால் என்ன என்று அரசர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். சோதிடரும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மோதிரத்தைக் காட்டி மதகின் முத்திரையை உடைத்துத் திறந்தான் கொட்டாப்புளி. தண்ணீர் சீறிக்கொண்டு வாய்க்காலில் பாய்ந்தது. காய்ந்த வயல் குடித்தது. தண்ணீரோடு கெண்டையும் கெளுத்தியும் விராலும் துள்ளிக்கொண்டு போயின. வாய்க்காலில் வலைக்காரர் தெருவே ஊத்தாவோடு இறங்கி நின்றது. அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் குழம்பு கொதித்தது.

சோதிடர் ஓடினார் அரசரிடம். "அக்கிரமம் மகாராசா! மீனை அள்ளுகிறார்கள்!"

அழைத்துக் கேட்டார் அரசர். கொட்டாப்புளி கைகட்டி நின்று சொன்னான்: "ஏரியில் வலை பட்டதா என்று காவலரைக் கேளுங்கள், மகாராசா. படவில்லை. கடலில் நீர் ஏறுவதற்கு முன் இறங்குகிறது. கடல் தானே இறங்கும். ஏரிக்கு மதகு வழியாகத்தான் இறங்கத் தெரியும். பாதி ஓதம் வந்தாயிற்று. அமாவாசைவரை பொறுத்தருள வேண்டும்." அரசர் போகச் சொல்லிக் கையசைத்தார்.

நாள் ஆக ஆக ஏரி இறங்கியது. கரையை ஒட்டியிருந்த ஆழமான மடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. மகாராசாவின் மண்டபம் சேற்றுக்கு நடுவே, காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற கொக்கு மாதிரி நின்றது.

அமாவாசையன்று ஊரே கரையில் கூடியது. முரசும் கொம்பும் முழங்க அரசர் வந்தார். கரையில் மடுவுக்குப் பக்கத்தில் ஆயுதசாலையிலிருந்து கொண்டுவந்த வலைகள் மலையாகக் குவிந்திருந்தன. பக்கத்தில் ஒருவன் தீப்பந்தத்தோடு நின்றான். அங்காயி அவனுக்கும் வலைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். எவர் சொல்லியும் நகரவில்லை.

"நீர் இறங்கியதைக் கண்டேன். ஏறுவது எங்கே?" என்றார் அரசர்.

"உச்சிப்பொழுதில் ஒரு பனை உயரம் ஏறும் என்று சோதிடர் பெருமான் கணித்திருக்கிறாரே, மகாராசா! அவர் வாக்குப் பொய்க்குமா? சந்திரனைப் போன தடவை நான் சிரித்து விரட்டிவிட்டேன். இந்தத் தடவை அவருக்கு வேண்டியவரே எதிர்கொண்டு அழைக்க வேண்டும். நீர் இறங்கிய இடத்தில், அதோ, அவருக்கு ஆசனம் போட்டு வைத்திருக்கிறேன்."

"அமருங்கள் சோதிடரே" என்றார் அரசர்.

சோதிடர் சேற்றைப் பார்த்தார். "மகாராசா… புதுப்பட்டு வேட்டி. சேறாகிவிடுமே."

"பலகை போட்டிருக்கிறேன். தாராளமாக வரலாம்" என்றான் கொட்டாப்புளி.

சோதிடர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் நடந்துபோய் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. உச்சிப்பொழுது நெருங்கியது. அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், நரம்பைக் கிள்ளினார், பாக்கை வாயில் போட்டார். பிறகு கரையைப் பார்த்துக் கத்தினார்: "அடே, யாராவது கொஞ்சம் சுண்ணாம்பு கொண்டுவாருங்கள்!"

கொட்டாப்புளி அரசரின் பக்கம் திரும்பினான். அவன் குரலில் விகடம் இல்லை. "மகாராசா, நன்றாகப் பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் அந்த மனிதரின் தலைக்கு மேலே ஒரு பனை உயரம் தண்ணீர் நிற்கப்போகிறது. சொன்னது அவரேதான். அவருக்கு நீந்தத் தெரியாது. அவர் கேட்பது படகா, கயிறா? சுண்ணாம்பு! தாம் சொன்னதை அவர் ஒரு நாளும் நம்பவில்லை. அதை நம்பி இந்தத் தெருவின் அடுப்பை அணைத்தவர் தாங்கள்."

அரசரின் முகம் சிவந்தது. "சோதிடரே! நீர் ஏறுமா, ஏறாதா? ஏறும் என்றால் உம்மை ஆசனத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்கிறேன். ஓதத்தில் அடித்துக்கொண்டு போய்விடுவீர்."

"ஐயோ, கட்ட வேண்டாம் மகாராசா! பொழுது சாயும்வரை வெயிலில் என்னால் முடியாது! ஏரியில் ஏது ஓதம்…" என்றவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

முதலில் யானைப்பாகன் சிரித்தான். பிறகு கரையே சிரித்தது. அரசருக்கும் பொறுக்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "சரி, நீயும் ஏற்றத்தைக் காட்டவில்லையே?" என்றார்.

"ஐப்பசியில் காட்டுகிறேன் மகாராசா. கடல் அவசரக்காரி, தினமும் ஏறி இறங்குவாள். ஏரி கோடையில் இறங்கி அடைமழையில் ஏறும். இன்று ஓதத்தைக் காண வேண்டும் என்றீர்கள், இறங்கிய ஓதம் இதோ; ஏற்றமும் இன்றே வேண்டும் என்று தங்கள் கட்டளையில் இல்லை."

அரசர் மறுபடியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்த்தபோது அங்காயி மட்டும் சிரிக்கவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. "ஏனம்மா, உனக்குச் சிரிப்பு வரவில்லையா?"

"வரலீங்க சாமி" என்றாள் அங்காயி. "பட்டினி கெடந்தது நாங்க. சிரிக்கிறது நீங்க. இந்தக் குமியலப் பாருங்க. எந்த வலை யாருதுன்னு தெரியுதா? சிக்கலா சுருட்டி வெச்சிருக்காங்க உங்க ஆளுங்க. இத எடுத்து முடிக்கறதுக்குள்ள மீனே மறந்துடும்."

அரசர் கொட்டாப்புளியின் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்" என்றார், பேச்சை மாற்றுவதற்காக.

"சிக்கல் எடுக்க ஆள் வேண்டும் மகாராசா. சிக்கலாக்கிய கைகளே வேண்டும். முரசுக்காரர், கொம்புக்காரர், சோதிடர்…" கொட்டாப்புளி கொஞ்சம் நிறுத்தினான். "தங்கள் கையும்."

அரசர் குவியலைப் பார்த்தார், அங்காயியைப் பார்த்தார், யானையிலிருந்து இறங்கிக் குவியலின் அருகே உட்கார்ந்தார். முரசுக்காரர்களும் கோல்களைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சோதிடர் ஈரச் சேற்றிலேயே உட்கார்ந்தார். பட்டு வேட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அங்காயி ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கத்தை வலையைத் தூக்கிப் போட்டாள்.

வெகுநேரம் விரல்கள் மட்டும் முடிச்சுகளோடு போராடின. அந்தக் கரையில் அரசர் இருக்கும்போது முரசு இத்தனை நேரம் ஓய்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அப்போது மடுவில் தண்ணீர் கலங்கியது. ஆளுயர வாளை ஒன்று, வெள்ளியாய் மின்னிக்கொண்டு, அரசருக்கு எதிரே துள்ளி விழுந்தது. மறுபடியும் துள்ளியது. கை நீட்டினால் தொட்டுவிடலாம். ஆனால் அரசரின் பத்து விரல்களும் வலைக்கண்ணில் மாட்டிக்கொண்டிருந்தன.

அரசர் மீனைப் பார்த்தார். கீழே கிடந்த முரசுக்கோல்களைப் பார்த்தார். இத்தனை வருஷமும் மீனைத் துரத்தியது யார் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தாம் கொடுத்த முத்திரை மோதிரம் கொட்டாப்புளியின் விரலிலேயே இருக்கட்டும் என்றார். பிறகு தம்மை நினைத்தே ஹோவென்று சிரித்தார்.

"சத்தம் போடாதீங்க சாமி, மீனு ஓடிப்பூடும்" என்றாள் அங்காயி. "முடிச்சப் பாருங்க."