கோபுரத்து விளக்கு அணைந்தபோது

வத்தலக்குண்டில் ஒருத்தியைக் காப்பாற்ற மூன்று பேர் முயன்றார்கள். மூவரும் அவள்மேல் உண்மையான அக்கறை கொண்டவர்கள். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்பேன். அதுவரை யார் பக்கமும் சாயாமல் கேளுங்கள்.

செண்பகவல்லி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் எழுந்த சில வாரங்களில் அவளுக்குத் தலைவலி தொடங்கியது. பிறகு முகமும் கைகளும் மிளகாய் பட்டதுபோல எரிந்தன. தூக்கம் போயிற்று. மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவள் இன்னும் கொஞ்சம் ஒடுங்கிப்போனாள். பள்ளிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

அவள் சொன்னதை அப்படியே நம்பியவன் அண்ணன் தவமணி. மலைமேல் தாண்டிக்குடியில் அவனுக்குக் காப்பித் தோட்டம். சிக்னல் எட்டாத பள்ளத்தில் வீடு. அங்கே போய் இருந்தால் எரிச்சல் தணிந்தது. ஊருக்குத் திரும்பினால் மறுபடி பற்றிக்கொண்டது. கோபுரம்தான் உன்னைக் கொல்கிறது, இங்கேயே இருந்துவிடு என்றான் அண்ணன். ஆனால் கணவன் கீழே இருந்தான், பள்ளியும் கீழேதான் இருந்தது.

கணவன் கோவர்த்தனன் கோபுரத்தை அகற்றச் சொல்லி அலைந்து ஓய்ந்துபோனான். அந்தச் சமயத்தில் கோபுர உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு பழுதாகி அணைந்தது. அண்ணாந்து பார்த்தவனுக்கு ஒரு யோசனை வந்தது. தாண்டிக்குடிக்குப் போய், அங்கே தங்கியிருந்த மனைவியிடம் கோபுரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னான். அவள் கூடவே வந்தாள். ஜன்னலைத் திறந்து, இருண்டு கிடந்த உச்சியை வெகுநேரம் பார்த்தாள். அன்றிலிருந்து தூங்கினாள். இரண்டு மாதத்தில் எரிச்சல் முழுதாக அடங்கி, பள்ளிக்கும் போகத் தொடங்கினாள். கோபுரமோ ஒரு நிமிடம்கூட நின்றிருக்கவில்லை.

அப்போதுதான் மதுரையில் டாக்டர் ரஹமத்நிஷா ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். மின்காந்த அலைகள் தங்களை வருத்துவதாகச் சொல்பவர்கள் அதற்குத் தேவைப்பட்டார்கள். செண்பகவல்லி தானாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். தன்னைப் போன்றவர்களைப் பைத்தியம் என்கிறார்களே, அந்தப் பேச்சு ஒழியட்டும் என்று நினைத்தாள். கோவர்த்தனன் தடுக்கப் பார்த்தான். காரணம் சொல்ல முடியாமல் விட்டுவிட்டான். முடிவு எதுவானாலும் தன்னிடம் மறைக்கக் கூடாது என்று முதல் நாளே டாக்டரிடம் அவள் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

வெளி அலை நுழையாதபடி சுற்றிலும் தகடு அடித்த அறை. திரைக்குப் பின்னால் ஒரு கருவி. அது எப்போது அலை வீசும், எப்போது சும்மா இருக்கும் என்பது கணினியின் குலுக்கல். பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. அலை இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் அவள் சொல்ல வேண்டும். கருவி சும்மா இருந்தபோதும் அவள் முகம் எரிந்தது. நாடி எகிறியது, உள்ளங்கை வியர்த்தது, ஒருமுறை வாந்தியே எடுத்தாள். எதுவும் நடிப்பில்லை.

முடிவு தெரிவிக்கும் நாளுக்கு முன்பே கோவர்த்தனன் டாக்டரைத் தனியாகப் பார்த்தான். தன் பொய்யைச் சொன்னான். மனைவி இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள், ஏதாவது மழுப்பி அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சினான். அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார் டாக்டர். செண்பகவல்லி கணவனோடு எதிரே வந்து உட்கார்ந்ததும் இருந்ததை இருந்தபடி சொன்னார்: அவள் சொன்னவற்றில் ஏறக்குறைய பாதிதான் சரி.

கணக்கு டீச்சருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பூவா தலையா போட்டிருந்தாலும் இவ்வளவு சரியா வந்திருக்கும், இல்லையா?" என்று கேட்டாள்.

"உங்க வலி நிஜம் டீச்சர். அதுக்குக் காரணம் அலை இல்லை, அவ்வளவுதான். வலிக்கு வைத்தியம் இருக்கு" என்றார் டாக்டர்.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "அப்போ கோபுரத்தை நிறுத்தினதும் எனக்கு எப்படிங்க சரியாச்சு?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நிறுத்தலைம்மா. விளக்குதான் எரியலை."

வீடு திரும்பியதும் எரிச்சல் வந்துவிட்டது. தவமணி ஓடிவந்தான். ஆராய்ச்சியே கம்பெனிக்காரன் செய்கிற சூழ்ச்சி, எதையும் நம்பாதே என்று சொல்லித் தோட்டத்துக்கு அழைத்துப் போனான். அந்தப் பள்ளத்திலும் முதல்முறையாக அவளுக்கு முகம் எரிந்தது. "இங்கேயும் வந்துருச்சுண்ணே" என்றாள்.

கீழே திரும்பி வந்து வேலையை விட்டுவிட்டாள். சிகிச்சைக்கு வரச் சொல்லி டாக்டர் பலமுறை ஆள் அனுப்பினார். ஒருமுறை போனாள். எதைப் பார்த்து ஓடுவது, எங்கே ஓடுவது என்றாவது முன்பு தெரிந்திருந்தது, இப்போது உடம்பைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்று கேட்டுவிட்டு வந்தாள். அப்புறம் போகவில்லை. கணவனோடு பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் ஒருநாள் அவனிடம் இதைச் சொன்னாள்:

"நீங்க சொன்னது பொய். நான் தூங்கினது பொய் இல்லையே."

கதை இவ்வளவுதான். தங்கை சொன்னதைக் கேள்வி கேட்காமல் நம்பினான் அண்ணன். பொய் சொல்லித் தூங்க வைத்தான் கணவன். கேட்ட உண்மையை மறைக்காமல் சொன்னார் டாக்டர். இவர்களில் யார் செய்தது சரி?

என் பதில்: டாக்டர் செய்ததே சரி. தெளிந்த புத்தியோடு உண்மையைக் கேட்டு வாங்கியவள் செண்பகவல்லி. அவளால் எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று அவளைக் கேட்காமலே மற்ற இருவரும் முடிவு கட்டினார்கள். கணவனின் பொய் அந்த விளக்கைப் பழுதுபார்க்கும்வரைதான் நின்றிருக்கும். அண்ணனின் நம்பிக்கை அவளை ஒரு பள்ளத்துக்குள் ஆயுளுக்கும் அடைத்திருக்கும். ஆனால் சரியானதைச் செய்ததால் நல்லது நடந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தப் பதிலைச் செண்பகவல்லியிடமே சொல்லிப் பார்த்தேன். மறுக்கவில்லை. "சரியாத்தான் செஞ்சாங்க" என்றாள். "எனக்குத்தான் தூக்கம் வரலை."