மாடக்கண்ணுக்கு மாட்டிய கண்ணாடி

பேச்சிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் படிப்புக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் அருளப்பன் கெட்டிக்காரன். அது அவனுக்கும் தெரியும் என்பதுதான் சங்கடம்.

அன்று அவனிடம் வந்தவர் மாடக்கண், மரச்சீனிக் கிழங்கு வியாபாரி. பக்கவாதத்தில் பேச்சு போயிருந்தது. பயிற்சியால் தேறுவாரா என்று அருளப்பன் எழுதித் தர வேண்டும். தேறமாட்டார் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பேச முடியாதவரிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று நேரே ஓர் அட்டையை நீட்டினான். 'கதவைச் சாத்துங்கள்' என்று எழுதியிருந்தது. மாடக்கண் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கண்ணாடி கொண்டுவரவில்லையாம். அருளப்பனா விடுவான்? பக்கத்து அறை கிளார்க்கின் கண்ணாடியை வாங்கிவந்து மாட்டிவிட்டான். மாடக்கண் தலையைக் குனிந்துகொண்டார்.

அருளப்பன் தனக்குப் பாடம் நடத்தும் ஜெசிந்தா டீச்சரிடம் போனான்.

"வாசிக்கிற திறன் சுத்தமா போயிட்டு, டீச்சர். பயிற்சி குடுத்துப் பிரயோசனமில்ல."

டீச்சர் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த குளத்துக்கு நடந்தார். அவனும் பின்னால் போனான்.

"அக்கரைக்கு நீந்திப் போயிட்டு வா."

குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அருளப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சளி பிடிச்சிருக்கு, டீச்சர்."

"சளி விட்டா நீந்துவியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு நீச்சல் தெரியாது."

"எந்த நோயில போச்சு?"

அவனுக்குச் சுருக்கென்றது. திரும்பி நடந்தான்.

முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை மாடக்கண்ணின் மனைவியிடம் இப்போதுதான் கேட்டான். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை என்றாள் அவள். பேச்சு இருந்த காலத்திலும், யாராவது காகிதத்தை நீட்டினால் கண்ணாடி இல்லை என்றுதான் சொல்வாராம். அருளப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

மாடக்கண் கண்ணாடியோடு குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். அருளப்பன் அவர் எதிரே போய் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

அவர் மனைவியின் தோளைப் பிடித்து எழுந்தார். மெல்ல நடந்துபோய் இடது கையால் கதவைச் சாத்தினார்.

தேறமாட்டார் என்று எழுதிவைத்திருந்த தாளை அருளப்பன் கிழித்துப் போட்டான். வாசலில் நின்றிருந்த டீச்சரிடம் கேட்டான்.

"பயிற்சியை எதில தொடங்கணும், டீச்சர்?"

"அந்தக் கண்ணாடியக் கழட்டுறதில."