குதிரைக்கு வைத்த கொள்ளு

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். மற்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். எழுபாறை என்றொரு கோட்டை இருந்தது. அதை மாறவேள் என்றொரு மன்னன் ஆண்டு வந்தான்.

மாறவேள் நல்லவன்தான். வரியை ஏற்ற மாட்டான், வழக்கில் ஒரு பக்கம் சாய மாட்டான், போரில் புறமுதுகு காட்ட மாட்டான். சோற்று விஷயத்தில் மட்டும் அவனுக்கு ஒரு வீம்பு இருந்தது. சோறு என்றால் மல்லிகைப்பூவாக இருக்க வேண்டும். அதற்காக அவன் ஆட்கள் நெல்லைக் குத்துவார்கள், குத்தியதைத் தீட்டுவார்கள், தீட்டியதை மறுபடியும் தீட்டுவார்கள். அரிசி பளபளவென்று அரண்மனைக்குப் போகும். தவிடு குதிரை லாயத்துக்குப் போகும்.

ஒருநாள் நெடுங்காடன் என்னும் பகையரசன் பெரும்படையோடு வந்து கோட்டையைச் சுற்றிக் கூடாரம் அடித்தான். வெளியூர்க் குடியானவர்கள் எல்லாம் கம்பு, கேழ்வரகு, பயறு என்று கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். மாறவேள் மாடத்தில் நின்று அவர்களைப் பார்த்தான். அவனுக்கு மனசு இளகிவிட்டது.

"நீங்கள் என் விருந்தாளிகள். என் கோட்டைக்குள் யாரும் கூழ் குடிக்கக் கூடாது. எல்லோருக்கும் வெள்ளைச் சோறு. இந்த மூட்டைகளைக் குதிரைகளுக்குப் போடுங்கள். இனி குதிரைத் தீனியை மனிதர் தின்றால் அது எனக்கு அவமானம். தின்றவரைக் கோட்டைக்கு வெளியே அனுப்புவேன்" என்றான்.

வெளியே என்றால் பகைவன் கையில். அது எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் யாருக்கு அந்தக் கவலை? வெள்ளைச் சோறு கிடைக்கும்போது குதிரைத் தீனியை யார் தொடப் போகிறார்கள்?

லாயத்தில் குதிரைகளுக்குக் கொள்ளு அவிக்கிற சிலம்பாயியும் மற்றவர்களைப் போலவே மகிழ்ந்தாள். பொய் சொல்வானேன்? பொங்கலுக்குப் பொங்கல் மட்டும் அரிசியைக் கண்ட வீடு அவளுடையது. அவள் புருஷன் மொக்கையன் கோட்டை வாசல் காவலன். வாசல் கதவுக்குக் குறுக்கே ஒரு பெரிய மரம் கிடக்கும். அதைத் தூக்குகிற நான்கு பேரில் அவன் ஒருவன். அவர்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. அழுதால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

காலையில் வெள்ளைச் சோறு, மத்தியானம் வெள்ளைச் சோறு, ராத்திரி வெள்ளைச் சோறு. மேலே கொஞ்சம் புளிக்குழம்பு. கோட்டையே ஏப்பம் விட்டது.

முதல் அமாவாசைக்கு நெடுங்காடனின் தூதன் வேம்பன் வந்தான். கண்ணாலேயே அளந்து எடைபோடுகிற ஆள். நான்கு காவலர்கள் ஒரே மூச்சில் குறுக்குமரத்தைத் தூக்கிக் கதவைத் திறந்தார்கள். "கோட்டைச் சாவியைத் தருகிறீர்களா?" என்று வேம்பன் கேட்டான். மாறவேள் சிரித்து, அவனுக்கும் ஒரு வாழையிலை போட்டு அனுப்பினான்.

இரண்டாம் மாதம் வயிறு நிறைந்தே இருந்தது; உடம்புதான் கேட்கவில்லை. முதலில் பாதம் மரத்தது. பிறகு கால் வீங்கியது. பிறகு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மொக்கையன் கெண்டைக்காலை விரலால் அழுத்தினால் விழுந்த குழி அப்படியே நின்றது. மருத்துவர் காற்றைக் குறை சொன்னார், அமைச்சர் கிணற்றைக் குறை சொன்னார், சோதிடர் சனியைக் குறை சொன்னார். பாவம், சனி என்ன செய்யும்?

இரண்டாம் அமாவாசைக்கு வேம்பன் மறுபடியும் வந்தான். அதே குறுக்குமரத்தைத் தூக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். எட்டுப் பேரும் தூக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். வேம்பன் அதைப் பார்த்தான். சாவியைப் பற்றிப் பேசவே இல்லை.

"அடுத்த அமாவாசைக்கு வருகிறேன். உள்ளேயிருந்து கதவு திறந்தால் பேசுவோம். திறக்க ஆளில்லை என்றால் நாங்களே உடைத்துக்கொண்டு வருகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் சிலம்பாயியின் குழந்தை அழுதது. வாய் திறந்தது, முகம் சிவந்தது, கண்ணில் நீர் வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அப்படித்தான் என்றார்கள். அதற்கும் அடுத்த வீட்டில், மூன்று நாளைக்கு முன் குரல் போன குழந்தையை அன்று புதைத்திருந்தார்கள்.

சிலம்பாயி தன் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாயத்துக்குப் போனாள். குதிரைகளின் பசி காத்திருக்காதே. அடுப்பு மூட்டிக் கொள்ளை அவித்துத் தொட்டியில் கொட்டியபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது குதிரைகள் நின்றன. ஒன்றுக்குக் கூடக் கால் வீங்கியிருக்கவில்லை. போன மாதம் குட்டி போட்ட கிழட்டுப் பெட்டை கூடக் கனைத்துக்கொண்டு தரையை உதைத்தது.

அதே காற்று. அதே கிணறு. அதே சனி. குதிரை நிற்கிறது, குதிரைக்காரன் விழுகிறான். வேறாக இருப்பது தீனி ஒன்றுதான்.

கட்டளை அவளுக்கு மறக்கவில்லை. தின்றால் கோட்டைக்கு வெளியே. தின்னாவிட்டால் பிள்ளை மண்ணுக்குள்ளே. தாய் தின்பதுதானே பிள்ளைக்குப் பாலாக இறங்கும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தொட்டியிலிருந்து கொள்ளை அள்ளி அங்கேயே நின்று தின்றாள்.

மறுநாள் முதல் மூன்று காரியம் செய்தாள். கொள்ளு வெந்த தண்ணீரில் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். சலித்த தவிட்டைக் கேழ்வரகு மாவோடு பிசைந்து அடை தட்டினாள். மதிலோரத்து முருங்கையை உடைத்துக் கீரை வதக்கினாள். தானும் தின்றாள், புருஷனுக்கும் வைத்தாள்.

மொக்கையன் தட்டைப் பார்த்தான். "ஏ புள்ள, நான் கனைச்சேனா?"

"இன்னும் இல்ல. தின்னுட்டு கனைங்க" என்றாள் சிலம்பாயி.

நான்காம் நாள் பிள்ளை அழுதது. என்ன அழுகை என்கிறீர்கள்! மூன்று தெருவுக்குக் கேட்டது. சிலம்பாயி பிள்ளையைச் சமாதானப்படுத்தவில்லை. எதிரே உட்கார்ந்து அந்த அழுகையை ஆசை தீரக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அந்தச் சத்தமே அவளைக் காட்டிக் கொடுத்தது. ஊரில் ஒரு குழந்தைக்கும் குரல் இல்லாதபோது ஒரு குழந்தை மட்டும் கூரை பறக்க அழுதால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? களஞ்சியத் தலைவர் அம்பலவாணர் நேரே அடுப்படிக்கு வந்தார். சட்டியைத் திறந்தார். கொள்ளைக் கண்டார். பத்தாம் நாள் சிலம்பாயி சபையில் நின்றாள்.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். இவள் குதிரையின் கொள்ளைத் தின்று மன்னருக்கு இழுக்குத் தேடிவிட்டாள்" என்றார் அம்பலவாணர். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

"வீங்கினவனுக்கு என்னன்னு அந்தப் பழமொழி சொல்லலியே, ஐயா" என்றாள் சிலம்பாயி.

மாறவேள் அரியணையில் உட்கார்ந்திருந்தான். பதினைந்து நாளாக அவன் எழுந்து நடந்ததை யாரும் பார்க்கவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னான்: "கட்டளை கட்டளைதான். இவளை வெளியே அனுப்புங்கள்."

சிலம்பாயி கும்பிட்டாள். "போறேன், மகராசா. ஆனா நம்ம கோட்டையில ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தரை விலக்கினா, ராசா தன் காலால வாசல் வரைக்கும் வந்து, தன் வாயால 'போ'ன்னு சொல்லணும். அதை மட்டும் செஞ்சிருங்க."

வழக்கம் உண்மைதான். மாறவேள் கட்டளையை மீறுகிறவனும் அல்ல, வழக்கத்தை மீறுகிறவனும் அல்ல. இரண்டு கையையும் ஊன்றி எழுந்தான். அரியணைக்குக் கீழே மூன்று படிகள் இருந்தன. முதல் படியில் கால் வைத்தான், நின்றான். இரண்டாம் படியில் கால் வைத்தான், தள்ளாடினான். மூன்றாம் படியில் கால் மடங்கிச் சரிந்தான்.

மெய்க்காவலர்கள் ஓடி வரப் பார்த்தார்கள். அவர்கள் காலும் ஓடவில்லை. சபையின் கடைசியிலிருந்து ஒருவன் மட்டும் எட்டே எட்டில் வந்து மன்னன் தரையைத் தொடும் முன் தாங்கிப் பிடித்தான். பத்து நாளைக்கு முன் தன் வீட்டு வாசற்படி ஏற முடியாமல் கிடந்த மொக்கையன்தான் அவன். மன்னனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றான். "வாசல் வரைக்கும் தூக்கிட்டு வரவா, மகராசா?" என்று கேட்டான்.

மாறவேள் அவன் தோளைப் பார்த்தான், கையைப் பார்த்தான், வீக்கம் வடிந்த காலைப் பார்த்தான். அவன் காதருகே மெல்லக் கேட்டான்: "என்ன சாப்பிட்டாய்?"

"குதிரைக்கு வச்சதுங்க."

மன்னன் தரையில் இறங்கி, எல்லோரும் பார்க்க, சிலம்பாயியின் முன்னால் தலை குனிந்தான். "என் வீம்பு ஒரு பிள்ளையை மண்ணுக்கு அனுப்பிவிட்டது. இனி இந்தக் கோட்டையின் அடுப்பெல்லாம் உன் சொல் கேட்கும், அம்மா" என்றான். அவன் அழுதான், அதை மறைக்கவும் இல்லை.

அன்றே லாயத்து மூட்டைகள் வெளியே வந்தன. சிலம்பாயி வீடு வீடாகப் போனாள். ஒரு வேளை அரிசி, ஒரு வேளை கம்பு, ஒரு வேளை கேழ்வரகு என்று வைத்தாள். எந்த வேளையானாலும் ஒரு பயறும் ஒரு கீரையும் இருந்தாக வேண்டும். பால் கொடுக்கிற தாய்க்கு முருங்கையும் எள்ளுருண்டையும், ஓடுகிற பிள்ளைக்கு மோர் ஊற்றிய கூழ், பல்லில்லாதவர்களுக்குக் கொள்ளு ரசம். இருக்கிற நெல்லையும் தீட்டாமல் தவிட்டோடுதான் வடிக்க வேண்டும் என்றாள்.

"அப்படியானால் குதிரைகளுக்கு?" என்று அம்பலவாணர் கவலையோடு கேட்டார்.

"கொள்ளுல பாதி அதுகளுக்கு, பாதி நமக்கு. பத்தலைன்னா உங்க மல்லிகைப்பூவுல கொஞ்சம் கலந்து போடுங்க."

குளத்தோரத்துப் பொன்னாங்கண்ணியைப் பறித்தார்கள். குப்பைமேட்டுக் கீரையைக் கூட விட்டுவைக்கவில்லை. ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. இரண்டு வாரத்தில் படி ஏறினார்கள். மூன்றாம் வாரத்தில் கோட்டைக்குள் குழந்தைகள் போட்ட கூச்சலில் ஒருவர் பேசியது ஒருவருக்குக் கேட்கவில்லை.

மூன்றாம் அமாவாசை வந்தது. வேம்பன் பின்னால் கதவை உடைக்கிற ஆட்களையும் நிறுத்தி வைத்துவிட்டு வந்தான். மொக்கையனும் மற்ற மூவரும் குறுக்குமரத்தின் பக்கம் நடந்தார்கள். சிலம்பாயி அவர்களைத் தடுத்தாள். "ஆம்பளைங்க மதில் மேல நில்லுங்க. கதவை நாங்க திறக்கிறோம்."

நான்கு பெண்கள் மரத்துக்குத் தோள் கொடுத்தார்கள். நான்கு பேரும் கைக்குழந்தைக்காரிகள். ஒரே மூச்சு. மரம் எழுந்தது, கதவு திறந்தது. வாசலில் வேம்பன் வாய் பிளந்து நின்றான். சிலம்பாயி தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, கீழே விட்டிருந்த தன் பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்க, ஐயா. கூழ் எடுத்துட்டு வரேன்."

கூழ் என்றதும் வேம்பனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அரிசி தீர்ந்து கூழுக்கு இறங்கிவிட்டார்கள் போலிருக்கிறதே என்று நினைத்தான். அதற்குள் பிள்ளை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. வயிற்றில் ஓர் உதை விட்டது. அப்புறம் வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டது. நெடுங்காடனின் கூடாரத்தில் கட்டியிருந்த யானைகள் திரும்பிப் பார்த்தன. சிறிது நேரத்துக்குள் வேம்பனுக்குக் கை வலித்தது, மூச்சு வாங்கியது. மூன்று மாதமாக அவனும், வழியிலிருந்த ஊர்களில் கொள்ளையடித்த அரிசியில் வடித்த வெள்ளைச் சோற்றைத்தானே தின்றுகொண்டிருந்தான்? அவன் பாதமும் மரத்துப்போய்த்தான் இருந்தது.

மாறவேள் தன் காலால் நடந்து வாசலுக்கு வந்தான். தூதனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கண்ணெதிரே இரண்டு கலயம் கூழ் குடித்தான். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். வேம்பன் ஒரு கலயம் குடித்தான். பிறகு வெட்கத்தை விட்டு இன்னொரு கலயம் கேட்டான். சாவியைப் பற்றி அன்றும் அவன் பேசவில்லை.

திரும்பிப் போய் நெடுங்காடனிடம் சொன்னான்: "அரசே, அரிசி தீர்ந்தால் விழுவார்கள் என்று காத்திருக்கிறோம். அவர்கள் அரிசியை நம்பியே இல்லை. சுவரோரத்தில் முளைப்பதைத் தின்று மதயானை மாதிரி நிற்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தூக்குகிற மரத்தை நம் வீரர்களால் அசைக்கக் கூட முடியாது."

நெடுங்காடன் தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் அவனும் அவன் படையும் கூடாரங்களைப் பிடுங்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்தபடி, வந்த வழியே போய்ச் சேர்ந்தார்கள். ஓர் அம்பு கூடப் பறக்கவில்லை.

எழுபாறையில் முரசு மூன்று நாள் ஓயவில்லை. வெற்றி விருந்தில் முதல் பந்தியில் முதல் இலை சிலம்பாயிக்கு. இரண்டாம் இலை மொக்கையனுக்கு. மூன்றாம் இலையில் மன்னன் உட்கார்ந்தான். அம்பலவாணர் தம் கையால் பரிமாறிக்கொண்டு வந்தார். தவிடு போகாத சிவப்புச் சோறு வைத்தார், பயறு வைத்தார், கீரையை ஒரு சிட்டிகை வைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"ஐயா, இது நம்ம ராச்சியத்தைக் காப்பாத்தின கீரை. கை நெறைய வைங்க" என்றாள் சிலம்பாயி.

அவர் வைத்தார். அடுத்த இலையில் மொக்கையனும் கேட்டான், அதற்கடுத்த இலையில் மன்னனும் கேட்டான். பந்தி முடிவதற்குள் முதலில் காலியானது கீரைப் பாத்திரம்தான்.

ஆகவே, பளபளப்பைப் பார்த்து உண்ணாமல், தானியமும் பயறும் கீரையும் மோரும் கலந்து அன்றாடம் எளிமையாக உண்ணும் குடும்பம் நோய்க்கும் பணியாது, பகைக்கும் பணியாது.