மரகதவல்லிக்குக் கிடைத்த மேடை

சென்னை பெரம்பூரில் மரகதவல்லி என்றொரு டிஜே இருந்தாள். டெக்னோ இசையில் பலே கெட்டிக்காரி. ஆனால் உள்ளூர் கிளப் எதிலும் அவளுக்கு மேடை கிடைக்கவில்லை. "சினிமாப் பாட்டு போடுறியா? டெக்னோவுக்கு வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

மனம் நொந்தாலும் விடாமல், கடற்கரைச் சாலையில் பெரிய கிளப் நடத்தும் திருவேங்கடத்திடம் போனாள். அவர் ஊழியர்கள் முன்னிலையில் ஓர் இசைத் தொகுப்பை ஒலிக்கவிட்டார்.

"பெர்லின் ரேடியோவில வந்தது. நடுவுல நீராவி சீறுது பாரு, அது ஜெர்மன் ஃபேக்டரி! இதே மாதிரி வாசிச்சுக் காட்டு, சனிக்கிழமை மேடை உனக்கு."

"இனிமே முடியாதுங்க சார்."

"அப்படி வா வழிக்கு!"

"எங்கம்மா அந்தக் குக்கரை மாத்திட்டாங்க. சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேளுங்க."

கூட்டினார். தாளத்துக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது: "அடியே மரகதம், பருப்பு தீயுது, அடுப்பை அணை!"

ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் வீட்டில் பதிவு செய்து அனுப்பியதைத்தான் பெர்லின்காரர்கள் ஒலிபரப்பியிருந்தார்கள்.

திருவேங்கடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சனிக்கிழமை வாம்மா. போஸ்டர்ல மட்டும் பெர்லின்னு போட்டுக்கலாமா?"

"பெரம்பூர்னு போடுங்க சார். எங்க தெருவே திரண்டு வரும்."