வெட்கப்படாத ஆப்பிள் மரம்

முள்ளிக்கோட்டை அரசர் கடம்பராயருக்கு அரண்மனைக் கொல்லையில் பழத்தோட்டம் போட ஆசை வந்தது. தோட்டக்காரி பேச்சியிடம் என்ன மரம் வைக்கலாம் என்று கேட்டார்.

"நாவல், நெல்லி, விளா வைப்போம் மகாராசா. வேலியோரமா நந்தியாவட்டை. நம்ம மண்ணுக்குத் தோதா வரும்" என்றாள் பேச்சி.

"சீ! அதெல்லாம் தெருவோரத்தில் நிற்பவை!" என்றார் அரசர். நேரே சந்தைக்குப் போனார். குளிர்நாட்டு வியாபாரியிடம் ஆப்பிள் கன்று ஒன்றைத் தாமே பொறுக்கி, தாமே தூக்கி வந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

முள்ளிக்கோட்டை வெயிலில் அப்பளம் தானாகவே பொரியும். பாவம் பேச்சி! ஆப்பிள் மரத்துக்குச் சந்தனம் பூசினாள், விசிறியால் வீசினாள். ஐந்து வருடமாகியும் ஒரு பூகூட எட்டிப் பார்க்கவில்லை.

அரசருக்குப் பொறுமை போய்விட்டது. "ஆடி முடிவதற்குள் இது காய்க்கவில்லையென்றால், நீ நாட்டை விட்டே போக வேண்டும்!"

பேச்சி அழுதுகொண்டே சாத்தனிடம் ஓடினாள். அவன் அரசவையில் குறும்பு பேசியே வயிறு வளர்ப்பவன். விஷயத்தைக் கேட்டதும் அரசரிடம் போனான்.

"மன்னா, காய்க்காத மரத்தில் பிய்ந்த செருப்பையும் விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிட்டால், அது வெட்கப்பட்டுக் காய்க்கும் என்பது நம் ஊர் வழக்கமாயிற்றே. செய்து பார்க்கலாமா?"

"செய்!" என்றார் அரசர்.

லாயத்தில் கிடந்த பிய்ந்த செருப்பும் தேய்ந்த விளக்குமாறும் மரத்தில் ஏறின. அரசர் தினமும் காலையில் வந்து மரத்தை உற்றுப் பார்த்தார்.

"சாத்தா, கொஞ்சம் சிவந்திருக்கிறதோ?"

"அது வெயில், மன்னா."

ஆடி முடிந்தது. காய் இல்லை. கையில் துணி மூட்டையோடு பேச்சி நின்றாள். சபையே கொல்லையில் கூடியிருந்தது.

"மரத்துக்கு ஏன் வெட்கமே வரவில்லை?" என்று அரசர் உறுமினார்.

"எப்படி வரும் மன்னா? அது குளிர்நாட்டு மரம். செருப்பைத் தொங்கவிட்டால் அவமானம் என்று அதற்கு யார் சொன்னது? ஏதோ நகை போட்டுவிட்டிருக்கிறோம் என்று குஷியாக நிற்கிறது."

அரசர் மரத்தைப் பார்த்தார். குஷியாகத்தான் தெரிந்தது.

"அப்படியென்றால் என்ன செய்வது?"

"நம் வழக்கம் தெரிந்தவர் யாருக்காவது கட்டினால்தான் பலிக்கும். பேச்சிக்குக் கட்டலாம் என்றால், அவள் நாவல் மரமல்லவா கேட்டாள்?"

"ஆமாம், அவளுக்கு ஏன்? இந்த வீணாய்ப்போன மரத்தைப் பொறுக்கி வந்தானே ஒரு மடையன், அவன் கழுத்தில் கட்டு! இது என் ஆணை!"

மந்திரிகள் தரையில் எறும்பு தேடினார்கள்.

சாத்தன் மெல்ல மரத்தில் ஏறினான். செருப்பையும் விளக்குமாற்றையும் அவிழ்த்தான். இரண்டு கைகளாலும் பயபக்தியோடு ஏந்தி வந்து அரசர் முன் குனிந்து நின்றான்.

"மன்னா, கிரீடத்தைக் கொஞ்சம் கழற்றினால் வசதியாக இருக்கும்."

அரசர் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மரத்தைச் சுற்றி ஓடினார்.

"பேச்சி! மூட்டையைக் கீழே போடு! உன் நாவலையும் நெல்லியையும் இன்றைக்கே வை! மண்வெட்டி எங்கே? குழியை நானே வெட்டுகிறேன்!"