எத்தியோப்பியா போக ஒரு கையெழுத்து

"எதுக்கு டீச்சர் கையெழுத்துப் போட மாட்டேங்கிய?"

பொன்னுத்துரை நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

டெல்பின் டீச்சர் மேசைமேல் கிடந்த கடிதத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"போட மாட்டேன் அண்ணாச்சி."

"காரணம் சொல்லுங்க."

"நீங்க இன்னும் தயாராகல."

பொன்னுத்துரைக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம் கழுத்து. இப்போது கழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். எத்தனையோ கப்பல்களில் சரக்கு ஏற்றி அனுப்பினார். ஒரு கப்பலும் அவரை ஏற்றிக்கொண்டு போனதில்லை. விருப்ப ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமரா வாங்கினார். டெல்பின் டீச்சரின் ஞாயிற்றுக்கிழமை புகைப்பட வகுப்பில் வந்து சேர்ந்தார்.

டீச்சருக்கு முப்பத்தெட்டு. பொன்னுத்துரைக்கு மகள் வயது. ஆனாலும் மூன்று வருஷமாக ஒரு நாள்கூட அவர் மரியாதை குறைத்துப் பேசியதில்லை.

இப்போது சென்னையிலிருந்து ஒரு குழு எத்தியோப்பியாவுக்குப் படம் எடுக்கப் போகிறது. பன்னிரண்டு பேர், பதினாலு நாள். தெற்கே ஆற்றங்கரையில் இருக்கிற நாலு ஊர்களுக்கு. அதில் பொன்னுத்துரைக்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது.

அந்தக் குழுவுக்கு ஒரு விதி உண்டு. சொல்லிக்கொடுத்த ஆசிரியர், 'இவரைக் கேமராவோடு மனிதர்கள் நடுவில் நம்பி விடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

இன்று ஞாயிறு.

"தயாராகலையா?" பொன்னுத்துரை விரலை மடக்கினார். "விசா வந்தாச்சு. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டு, ரெண்டு நாள் படுத்துக் கிடந்து எந்திரிச்சாச்சு. தூசி போகாத பை வாங்கியாச்சு. நாலு பேட்டரி. கரண்டு இருக்காதுன்னு சொன்னாங்க, அதுக்கு சோலார் தகடு. கொசுவுக்குக் களிம்பு. இன்னும் என்ன பாக்கி?"

டீச்சர் எழுந்து போனார். சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

பொன்னுத்துரை எடுத்த படம். பரிசு வாங்கிய படம்.

மீன்பிடித் துறைமுகம். வலைக் குவியல்மேல் ஒரு பெண் உட்கார்ந்து அழுகிறாள். அன்று அவள் புருஷன் போன படகு கரைக்கு வரவில்லை. ஒரு கையை, உள்ளங்கை விரிய, கேமராவைப் பார்த்து நீட்டியிருக்கிறாள்.

"இந்தக் கை என்ன சொல்லுது அண்ணாச்சி?"

அவர் முகம் கொஞ்சம் இளகியது.

"அதுதான் டீச்சர் படமே. கை முன்னால, மங்கலா இருக்கு. முகம் பின்னால, தெளிவா இருக்கு. பாக்கிறவன் கண்ணு நேரா முகத்துக்குப் போகுதுல்லா? நடுவர்கூட அந்தக் கையைத்தான் பாராட்டினார்."

"கை என்ன சொல்லுதுன்னு கேட்டேன்."

"படத்துக்கு ஆழம் குடுக்குது."

டீச்சர் கடிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க."

"கையெழுத்து?"

"இல்ல."

"பொறாமை டீச்சர் உங்களுக்கு! உங்களை யாரும் கூப்பிடல. நான் போறேன். அது பொறுக்கல."

வகுப்பில் இருந்த ஐந்தாறு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பொறாமைன்னே வச்சுக்கோங்க." டீச்சர் குரல் ஏறவில்லை. "எனக்கும் கோபம் வரும் அண்ணாச்சி. இந்தப் படத்தைப் பாக்கிறப்பல்லாம் வருது. ஆறின உடனே திரும்பப் பாப்பேன். அதுக்குத்தான் சுவத்துல மாட்டி வச்சிருக்கேன்."

பொன்னுத்துரை படிகளில் தடதடவென்று இறங்கினார். ஸ்கூட்டரை நாலு தரம் உதைத்தார். அது கிளம்பவில்லை. ஐந்தாவது உதையில் செருப்பு கழன்று சாக்கடை ஓரம் விழுந்தது.

மேலே ஜன்னலில் யாரோ சொல்வது கேட்டது.

"அண்ணாச்சி எத்தியோப்பியாவுக்கு வண்டியிலேயே போறாராக்கும்."

சிரிப்புச் சத்தம். டீச்சர் அதட்டியதும் அடங்கியது.

*

வீட்டில் மனைவி கனகம் கட்டிலில் சாய்ந்திருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் பவுடர் பூசாமல், பூ வைக்காமல் வாசலில் பால்கூட வாங்க மாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவள் முதலில் செய்யச் சொன்ன காரியம், கூடத்தில் இருந்த கண்ணாடியைக் கழற்றுவது.

காலையில் அவள் முணுமுணுக்கிற கந்தர் சஷ்டி கவசத்தில் பாதி வார்த்தை நோயோடு போய்விட்டது. மீதி பாதியை விடாமல் சொல்வாள். சாமிக்குப் புரியும் என்பாள்.

எத்தியோப்பியாவுக்குப் போகச் சொன்னதே அவள்தான். மகள் சுபா கோவில்பட்டியிலிருந்து வந்து பதினாலு நாளும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"போயிட்டு வாங்க," என்று இடம் கிடைத்த அன்றைக்கே சொல்லியிருந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத்தான் அவளுக்கு வரும். "பதினாலு நாள்... ஒங்க மூஞ்சியப் பாக்காட்டி... குணமாயிரும் எனக்கு."

இன்று அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருகூட சண்டை?" என்றாள்.

"சண்டை இல்ல."

"செருப்பு ஒண்ணுதான இருக்கு."

பொன்னுத்துரை குனிந்து தன் காலைப் பார்த்தார். உள்ளே போனார்.

*

திங்கட்கிழமை சென்னைக்கு போன் போட்டார். குழுவைக் கூட்டிப்போகிறவர் ரியாஸ் என்கிற இளைஞர்.

"தம்பி, அந்தக் கடிதம் இல்லாம ஆகாதா? பாஸ்போர்ட் இருக்கு, பரிசு வாங்கின சான்றிதழ் இருக்கு."

"விதி விதிதான் சார். நாளைக்கு அஞ்சு மணி. போட்டோ புடிச்சு அனுப்பினாகூடப் போதும். உங்க டீச்சர் கையெழுத்து மட்டும் இருக்கணும். அந்த மேடத்துக்கு என்ன பிரச்சனை சார்?"

"திமிர்."

கட்டிலிலிருந்து கனகம் சிரித்தாள். அவளுக்கு இப்போது பாதி முகம்தான் சிரிக்கும்.

"என்ன சிரிப்பு?"

"நீங்க... படிக்கப் போனது... அந்தத் திமிரப் பாத்துத்தான."

அன்றைக்கு அவர் கட்டி வைத்த பையை அவிழ்த்தார். திரும்பக் கட்டினார். திரும்ப அவிழ்த்தார். ஒரு பேட்டரியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். பிறகு அதை எடுத்துத் துடைத்து, வேலை செய்கிறதா என்று பார்த்தார்.

*

செவ்வாய்க்கிழமை, மணி நாலரை இருக்கும்.

பொன்னுத்துரை கனகத்துக்கு ரவைக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். காற்றுக்காக வாசல் கதவு திறந்து கிடந்தது. கனகம் நைட்டியில் இருந்தாள். தலை வாரவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் கஞ்சி கடைவாயில் வழிந்தது. அவர் துண்டு முனையால் துடைத்துவிட்டு அடுத்த வாய் கொடுத்தார்.

வாசலில் நிழல் தட்டியது.

டெல்பின் டீச்சர் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணோடு ஒட்டியபடி கேமரா. கேமரா கனகத்தைப் பார்த்து இருந்தது.

விரல் பொத்தான்மேல்.

கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது.

"எடுக்காதே!"

கிரேன் உச்சியிலிருந்து கீழே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பழகிய தொண்டை. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

பொன்னுத்துரை கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றார்.

"யாரைக் கேட்டு எடுக்க? யாரைக் கேட்டு உள்ள வந்த? அவ என்ன பொருட்காட்சியா? வாய் வழியிறதைப் படம் புடிச்சு எங்க கொண்டு மாட்டப் போற? மனுஷிதானா நீ? வெளிய போ!"

டீச்சர் கேமராவை இறக்கினார். சுற்றிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டார்.

"அக்கா, மன்னிச்சிருங்க. தப்புதான்."

கனகம் இடது கையால் நைட்டியைச் சரி செய்துகொண்டாள். டீச்சரைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள்.

"மூடி... கழட்டலயே தாயி."

பொன்னுத்துரை திரும்பினார்.

லென்ஸின்மேல் கறுப்பு மூடி அப்படியே இருந்தது.

"எனக்குப் பாத்ததும் தெரிஞ்சுது," என்றாள் கனகம். "மூணு வருஷம்... படிச்சவருக்கு... தெரியல."

"நீ சும்மா இரு!"

"இருக்கேன்."

பொன்னுத்துரையின் கோபம் தணியவில்லை.

"எதுக்கு இந்த நாடகம்? கையெழுத்துப் போட முடியாதுன்னா போடாத! என் வீட்டுக்குள்ள வந்து என் பொண்டாட்டி முன்னால கேமராவைத் தூக்குவியா?"

டீச்சர் கிண்ணத்தை எடுத்தார். மூலையில் கிடந்த தரைத்துணியால் கொட்டின கஞ்சியைத் துடைத்தார். அடுக்களைக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பொன்னுத்துரை கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"இப்ப ஒரு வார்த்தை சொன்னியளே அண்ணாச்சி. முதல்ல."

"சொன்னேன். இன்னும் சொல்லுவேன்."

"சொல்லணும்." டீச்சர் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "நீங்க போற ஊர்ல அதை எப்படிச் சொல்லுவாங்க?"

பொன்னுத்துரை வாயைத் திறந்தார்.

வாசலில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. எதிர் வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"தெரியாது," என்றார்.

டீச்சர் பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார். ஜன்னல் கட்டையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். கனகத்தின் தலைமாட்டில் வைத்துவிட்டு, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

போய்விட்டார்.

*

மணி ஐந்தாக எட்டு நிமிஷம் இருந்தது.

கடிதம் தலைமாட்டில் கிடந்தது. போனில் ஒரு படம் பிடித்து அனுப்பினால் முடிந்தது.

"அனுப்புங்க," என்றாள் கனகம்.

பொன்னுத்துரை அவள் மோவாயில் காய்ந்திருந்த கஞ்சியை ஈரத்துணியால் துடைத்தார். கழுத்திலும் கொஞ்சம் இருந்தது. அதையும் துடைத்தார்.

"நேரமாச்சுல்லா?"

அவர் போனை எடுத்தார். கடிதத்தைப் படம் எடுக்கவில்லை. ரியாஸைக் கூப்பிட்டார்.

"சார்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னும் லெட்டர் வரல சார்."

"தம்பி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, கேளுங்க. லெட்டரை அனுப்பிட்டுக் கேளுங்க சார், டைம் இல்ல."

"எடுக்காதேன்னு அந்த ஊர்ப் பாஷையில எப்படிச் சொல்லுவாங்க?"

"எதை சார்?"

"படம். என்னைப் படம் எடுக்காதேன்னு அங்க ஒரு பொம்பளை சொல்லணும்னா, என்ன சொல்லுவா?"

மறுமுனையில் சென்னை வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டது.

"நாலு ஊர்லயும் நாலு பாஷை சார்," என்றார் ரியாஸ் கடைசியில்.

"நாலும் சொல்லு."

"எட்டு வருஷமா ஆள் கூட்டிட்டுப் போறேன் சார். சிரின்னு சொல்றதுக்கு என்ன, இங்க பாருன்னு சொல்றதுக்கு என்னன்னு எல்லாரும் கேட்டு எழுதிட்டுப் போவாங்க. அதெல்லாம் எனக்கே மனப்பாடம்."

"இது?"

"இதை யாரும் கேட்டதில்ல சார்."