தலைக்குள்ளே ஒரு பாஸ்வேர்டு

கிட்ட வந்து உட்காருங்க, சின்னக் கதைதான்.

கம்பெனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற செங்கமலத்திடம் மேனேஜர் தீர்த்தகிரி தன் பழைய ஹார்டு டிஸ்கை நீட்டினார்.

“உள்ளே இருக்கிறதை அழிச்சிடு. டிஸ்கில கீறல் விழக்கூடாது. முடியலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே.”

“பூட்டியிருக்கு சார். பாஸ்வேர்டு சொல்லலைன்னா இது அழிக்க விடாது.”

“சொல்லவே மாட்டேன். அது என் தலைக்குள்ளே மட்டும்தான் இருக்கு.”

“அப்போ வேற யாராலும் இதைத் திறந்து பார்க்க முடியாதா?”

“எவனாலும் முடியாது!”

“அப்படின்னா டிஸ்கை விட்டுடலாம் சார். அழிக்க வேண்டியது உங்க தலையைத்தான். கொஞ்சம் குனியுங்க” என்று செங்கமலம் ட்ரில்லிங் மெஷினைப் பிளக்கில் சொருகினாள்.

மெஷின் உறுமியதும் மேனேஜர் ஆபீஸுக்கே கேட்கும்படி அலறினார்: “தங்கக்கட்டி ஒன் டூ த்ரீ!”

செங்கமலம் மெஷினை நிறுத்திவிட்டு, கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, “பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா சார்?” என்று கேட்டாள்.